‘டாக்டர் ஷிவாகோ’ படத்தின் இசையைக் கேட்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நாவல், எந்தப் படம், யாருடைய இசை?

போரிஸ் பாஸ்டர்நாக் ரஷ்ய மொழியில் எழுதிய ‘டாக்டர் ஷிவாகோ’ நாவலை மாஸ்கோவின் ‘நோவி மிர்’ இதழ் வெளியிட மறுத்துவிட்டது. அதனால் அது 1957 நவம்பரில் இத்தாலியின் மிலான் நகரில், இத்தாலிய மொழிபெயர்ப்பாகத்தான் முதலில் அச்சேறியது. அடுத்த ஆண்டு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது; சோவியத் அரசின் நெருக்கடியால் பாஸ்டர்நாக் அதை ஏற்க மறுக்க வேண்டியதாயிற்று. 1960இல் அவர் காலமானார். நாவல் அவருடைய சொந்த நாட்டில் வெளியாக 1988 வரை காத்திருந்தது. அப்போது வெளியிட்டதும் அதே ‘நோவி மிர்’தான்.

டேவிட் லீன் இயக்கி, ராபர்ட் போல்ட் திரைக்கதை எழுதிய படம் 1965 டிசம்பரில் வெளிவந்தது. யூரி ஷிவாகோவாக ஒமர் ஷெரீஃபும், அவன் காதலிக்கும் லாராவாக ஜூலி கிறிஸ்டியும் நடித்தார்கள். இசையமைத்தவர் பிரான்சின் லியோன் நகரில் பிறந்த மோரீஸ் ஜார். இதே இயக்குநரின் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வுக்கு 1962இல் இசையமைத்து ஆஸ்கர் வாங்கியிருந்தவர் அவர்.

படம் பார்க்காதவர்களுக்குக்கூட ஒரு மெட்டு தெரிந்திருக்கிறதே, ஏன்?

‘லாராவின் தீம்’ என்று அறியப்படும் மெட்டு அது. சாவி கொடுத்தால் பாடும் இசைப்பெட்டிகளிலும், ஹோட்டல் வரவேற்பறைகளிலும், தொலைபேசியில் நம்மைக் காத்திருக்கச் சொல்லும் நேரத்திலும் அது பல பத்தாண்டுகளாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. நானே அதை முதலில் கேட்டது ஓர் இசைப்பெட்டியில்தான். அது ஒரு படத்தின் இசை என்பதே பல ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்தது. 1966இல் பால் ஃப்ரான்சிஸ் வெப்ஸ்டர் அந்த மெட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதினார். ரே கானிஃப் குழுவினர் பாடிய அந்தப் பாடல் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்றது. பாடல் படத்தில் இல்லை. வரிகளோடு அந்த மெட்டைப் பழகியவர்கள் படத்தைப் பார்க்கும்போது கொஞ்ச நேரத்துக்கு அந்த வரிகளை மறந்துவிடுவது நல்லது என்பேன். அவை மெட்டின் தலையில் ஒரு சாதாரண பிரிவுப் பாட்டின் பொருளை ஏற்றிவைத்துவிட்டன.

அந்த மெட்டு எப்படி உருவானது?

ஏற்கெனவே வழக்கில் இருந்த ஒரு ரஷ்யப் பாடலைப் பயன்படுத்தவே லீன் முதலில் விரும்பினார். அதன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாததால் புதிதாக ஒன்றை எழுதும் பொறுப்பு ஜாரிடம் வந்தது. அவர் எழுதிக் காட்டிய முதல் சில மெட்டுகளை லீன் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். பிறகு, ரஷ்யாவையும் ஷிவாகோவையும் மறந்துவிட்டுக் காதலியை அழைத்துக்கொண்டு மலைப் பக்கம் போய், அவளுக்காக ஒன்றை எழுதி வரச் சொன்னார். திரும்பி வந்து எழுதியதுதான் இந்த மெட்டு என்று ஜார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையைப் பலரும் வேடிக்கைக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஓர் எச்சரிக்கையும் கேட்கிறது. ரஷ்யாவை மறந்துவிட்டு எழுதப்பட்ட மெட்டு இது. ரஷ்யாவை மறக்கவே முடியாத ஒரு நாவலின்மேல் அது போர்த்தப்பட்டிருக்கிறது. இந்த இசையின் பலமும் பலவீனமும் இரண்டுமே இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பாஸ்டர்நாக்குக்கு இசையோடு தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. அவருடைய தாய் ரோசா காஃப்மன் மேடைக் கச்சேரிகள் செய்த பியானோ கலைஞர். தந்தை லியனீது ஓவியர். இளம் போரிஸ் கவிஞராக நினைத்தவர் அல்லர், இசையமைப்பாளராகவே விரும்பினார். குடும்ப நண்பரான இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினைத் தெய்வமாகக் கொண்டாடி, சுமார் ஆறு ஆண்டுகள் இசையமைப்பு பயின்றார். 1909இல் பியானோ சொனாட்டா ஒன்றையும் எழுதினார். தன் படைப்புகளை ஸ்க்ரியாபினிடம் வாசித்துக் காட்டிப் பாராட்டும் பெற்றார். அதன் பிறகுதான் இசையையே கைவிட்டார்.

கைவிட்டாலும் காது போகவில்லை. நாவலின் முதல் பத்தியே ஒலியில்தான் தொடங்குகிறது. யூரியின் தாயை அடக்கம் செய்யக் கூட்டம் நடந்து போகிறது. நடந்தபடியே, இறந்தவரின் நினைவு என்றும் நிலைக்கட்டும் என்ற தேவாலயப் பாட்டைப் பாடுகிறது. பாட்டு நிற்கும் இடங்களில் காலடிகளும் குதிரைகளும் காற்றும் அதைத் தொடர்ந்து பாடுவதுபோல் இருந்ததாக எழுதுகிறார். பின்னணி இசை என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அந்த அடக்கக் காட்சியைப் படத்தின் இசை எப்படிக் கையாள்கிறது?

படத்தில் இசை அமைப்பு மிகச் சிறப்பாக அமைந்த இடங்களில் ஒன்று இது. ஆண்குரல்களின் தேவாலயச் சேர்ந்திசை பரந்த சமவெளியின் மேல் ஒலிக்கிறது. பெரியவர்களின் நடுவே ஒரு சிறுவன் நடக்கிறான். சவப்பெட்டியின் மூடியில் ஆணி அறையும் ஓசையும், பெட்டியின் மேல் மண் விழும் ஓசையும் பாட்டைத் துண்டிக்கின்றன. சிறுவன் நிமிர்ந்து மரத்தைப் பார்க்கிறான். காற்றில் இலைகள் உதிர்கின்றன. அந்த ஓசைகளை வெறும் ஒலிப்பதிவாகக் கருதாமல் இசையின் ஒரு பகுதியாகக் கேட்டுப் பாருங்கள். பாட்டு நிற்கும் இடத்தில் காற்று பாடுகிறது என்ற பாஸ்டர்நாக்கின் வரி அப்படியே திரைக்கு வந்திருப்பது தெரியும். அன்றிரவு சிறுவன் படுத்திருக்கும் அறையின் சன்னலில் ஒரு கிளை வந்து தட்டுகிறது. நாவலில் பனிப்புயல் தட்டுகிறது. படத்தில் கிளை தட்டுகிறது. இரண்டிலும் அந்தத் தட்டல்தான் முக்கியம்.

பாலலைக்கா நாவலிலேயே இருக்கிறதா?

பாலலைக்கா ஒரு ரஷ்யத் தந்திக் கருவி. தாயிடமிருந்து மகனுக்கு வரும் பாலலைக்கா நாவலில் கிடையாது. அது முழுக்கத் திரைக்கதையின் கற்பனை. படத்தின் இசையைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான ஒரு தகவல் இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாவலின் யூரி மருத்துவன், கவிஞன். கதை முடிந்த பிறகு கடைசி அத்தியாயமாக அவன் எழுதிய 25 கவிதைகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஹாம்லெட் மேடைக்கு வருவதில் தொடங்கி, பனிக்கால இரவில் மேசைமேல் எரியும் மெழுகுவத்தி, வசந்தம், பிரிவு, கிறிஸ்துவின் கடைசி நாட்கள் என்று அவை விரிகின்றன. அதுவரை படித்த வாழ்க்கை முழுவதும் அந்தக் கவிதைகளாக மாறி நிற்பதை வாசகர் காண்கிறார். யூரி கோழையா, தவறு செய்தவனா என்றெல்லாம் நாம் எழுப்பும் கேள்விகளுக்கு நாவல் தரும் ஒரே விடை அந்தப் பக்கங்கள்தான்.

திரைப்படத்தால் இதைச் செய்ய முடியாது. கவிதை எழுதுபவனைக் காட்டலாம். கவிதையைக் காட்ட முடியாது. வாய்விட்டு வாசிக்க வைத்தால் மொழிபெயர்ப்பில் அது செத்துப் பிறக்கும். லீனும் போல்ட்டும் எடுத்த முடிவு துணிச்சலானது: யூரியின் ஒரு கவிதையைக்கூடப் படம் நமக்கு வாசித்துக் காட்டுவதில்லை. வரிகினோ என்ற கிராமத்தில், பனி மூடிய வீட்டில், வெளியே ஓநாய்கள் ஊளையிட, உறைந்த விரல்களோடு அவன் எழுதுகிறான். தாளைப் பார்க்கிறோம், வரிகளைக் கேட்பதில்லை. அந்த இடத்தில் வரிகளுக்குப் பதிலாக வருவது ஜாரின் இசை. 1966இல் வெளிவந்த இசைத்தட்டில் ஒரு துண்டுக்கு ‘யூரி லாராவுக்காக ஒரு கவிதை எழுதுகிறான்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கவிதை என்று பெயர். உள்ளே இருப்பது மெட்டு.

ஆகவே பாலலைக்கா வெறும் ரஷ்ய அடையாளமாகப் படத்துக்குள் வந்ததாக நான் நினைக்கவில்லை. நாவலில் கவிதை நோட்டு செய்யும் வேலையைப் படத்தில் அந்த மூன்று தந்திக் கருவி செய்கிறது. தாயிடமிருந்து மகனுக்கு வருகிறது. பிரியும்போது லாராவோடு பனிச்சறுக்கு வண்டியில் போகிறது. கடைசியில் அவர்களுடைய மகள் தான்யாவின் தோளில் தொங்குகிறது. இந்தப் பயணத்தின் வழியெங்கும் வரும் மெட்டுதான் ‘லாராவின் தீம்’.

அந்தக் கருவியின் ஒலியை எப்படி அடையாளம் காண்பது?

முக்கோண வடிவ உடல், மூன்று தந்திகள், குட்டையான ஓசை. ஒரு முறை மீட்டினால் ஒலி உடனே அடங்கிவிடும் என்பதால், நீண்ட சுரம் வேண்டுமானால் ஆள்காட்டி விரலால் தந்தியை மேலும் கீழுமாக இடைவிடாமல் அடிக்க வேண்டும். அதனால்தான் மெட்டு ஒரே இழையாக ஓடாமல் நடுங்கி நடுங்கி வருவதுபோல் கேட்கிறது. வயலின் அதே மெட்டை இழுக்கும்போது ஏக்கம் வரும். பாலலைக்கா அடிக்கும்போது குளிரில் நடுங்குவதுபோல் ஓர் உடல் உணர்ச்சி வரும். இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் பாதி இசை பிடிபட்டுவிடும்.

ஒரு கிளைச் செய்தி: கிராமத்துக் கருவியான பாலலைக்காவை 1880களில் வசீலி ஆந்திரேயெவ் என்பவர் திருத்தியமைத்தார். சின்னதிலிருந்து ஆள் உயரம் வரை பல அளவுகளில் செய்வித்துக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். பாலலைக்காக் கூட்டம் ஒன்றாக வாசிப்பதே அப்போது தோன்றிய வழக்கம்தான்.

இசைக்குழு எவ்வளவு பெரியது?

நூறு பேருக்கு மேற்பட்ட ஆர்கெஸ்ட்ராவும் ஒரு சேர்ந்திசைக் குழுவும், அவற்றோடு இருபதுக்கு மேற்பட்ட பாலலைக்காக்களும் சேர்ந்து வாசித்தார்கள். பதிவு கலிஃபோர்னியாவில் நடந்தது. ஹாலிவுட் ஸ்டுடியோ இசைக்கலைஞர்கள் மத்தியில் அத்தனை பாலலைக்கா வாசிப்பவர்கள் எங்கே கிடைப்பார்கள்? லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களைச் சுற்றித் தேடி ஜார் ஆட்களைப் பிடித்தார். அவர்களுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. எதை எப்போது வாசிக்க வேண்டும் என்று சின்னச் சின்னத் தொடர்களாகக் காதால் கற்றுக்கொடுத்து வாசிக்க வைத்தார். அச்சடித்த தாளைப் பார்த்து வாசிக்கும் நூறு பேருக்கு நடுவே, மனப்பாடமாக வாசிக்கும் இந்தச் சிறு கூட்டம். பதிவில் பாலலைக்கா நுழையும் இடங்களில் ஒரு சிறு கரடுமுரடு தெரிவதாக எனக்குத் தோன்றுவது இந்தக் கதை தெரிந்ததாலா, காதில் உண்மையிலேயே விழுவதாலா என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல இயலவில்லை.

அது வால்ட்ஸ் தாளமாயிற்றே; ரஷ்ய இசை என்று எப்படிச் சொல்வது?

‘தகிட, தகிட’ என்று மும்மூன்றாக எண்ணிப் பார்த்தால் மெட்டு அதில் அப்படியே உட்காரும். வால்ட்ஸ் மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்த நடனம் என்றாலும், புரட்சிக்கு முந்தைய ரஷ்ய மேல்தட்டு வீடுகளின் கூடங்களில் அது சொந்த வீட்டுப் பிள்ளையாகவே இருந்தது. சைகோவ்ஸ்கியின் வால்ட்ஸ்களைக் கேட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. படத்திலும் ஸ்வெந்தீத்ஸ்கி வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் வால்ட்ஸ் ஒலிக்கிறது. அந்த விருந்தில்தான் லாரா, தன்னைச் சீரழித்த வழக்கறிஞர் கொமரோவ்ஸ்கியைச் சுடுகிறாள். ஆகவே மும்மைத் தாளத்தைக் குறை சொல்ல முடியாது. நாவலின் சொந்த இசை வேறு இடத்தில் இருக்கிறது என்பதுதான் என் குறை. தேவாலயப் பாட்டும், பார்ட்டிசான்கள் எனப்படும் கெரில்லாப் படையினரின் முகாமில் குபாரிஹா என்ற பெண் ரோவான் மரத்தைப் பற்றிப் பாடும் நாட்டார் பாட்டும் நாவலின் உயிர்நாடிகள். முன்னது படத்தில் வந்துவிட்டது, பின்னது வரவில்லை.

ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருவது சலிப்பூட்டவில்லையா?

ஊட்டுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஜாரே இதற்காகக் கோபப்பட்டார். அவர் எழுதியிருந்த வேறு பல தீம்களைப் படத்தொகுப்பின்போது லீனும் தயாரிப்பாளர் கார்லோ போன்ட்டியும் குறைத்தோ நீக்கியோ விட்டு, அந்த இடங்களையும் லாராவின் மெட்டுக்கே கொடுத்தார்கள். இந்த ஒரே மெட்டைச் சார்ந்திருப்பது மொத்த இசையையும் கெடுத்துவிடும் என்பது அவருடைய அச்சம். 25 கவிதைகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு கவிதை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது என்று அதைச் சொல்லலாம். ஹாம்லெட்டுக்கும் மக்தலேனா மரியாளுக்கும் அதில் இடமில்லை. காதலுக்கு மட்டுமே இடம்.

இருந்தாலும் எல்லா வருகைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். போர்க்கள மருத்துவமனையில் யூரியும் லாராவும் பிரிகிறார்கள். காதல் என்ற சொல் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படாமலேயே அவள் போய்விடுகிறாள். சாடியில் இருந்த சூரியகாந்திப் பூவின் இதழ்கள் உதிர்கின்றன, மெட்டு எழுகிறது. இங்கே இசை நமக்குத் தெரிந்ததையே சொல்கிறது. அழகு, ஆனால் அவ்வளவுதான்.

இன்னோர் இடம் வரிகினோவின் வசந்தம். யூரி மனைவி டோன்யாவோடும் மகனோடும் அமைதியாக வாழ்கிறான். உறைபனிப் பூக்கள் படிந்த சன்னல் கண்ணாடியில் குளிர்காலம் கரைகிறது. வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சள் டாஃபடில் பூக்கள். ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சேர்ந்து லாராவின் மெட்டை வாசிக்கிறது. லாரா அங்கே இல்லை. அவளுடைய பெயரை யாரும் எடுக்கவும் இல்லை. பிறகு கேமரா ஒரு பூவை நெருங்கிப் பார்க்க, அந்தப் பூவே நகரத்து நூலகத்தில் அமர்ந்திருக்கும் லாராவின் முகமாக மாறுகிறது. யூரி தன் மனத்துக்குக்கூட இன்னும் சொல்லிக்கொள்ளாத ஒன்றை இசை முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. மனைவியின் வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டு அவன் வேறொருத்திக்கு உரியவனாகிவிட்டதை நமக்குக் காட்டிக்கொடுப்பது வசனமல்ல, வயலின்கள். நாவலில் பாஸ்டர்நாக் பக்கக்கணக்கில் செய்வதை இங்கே இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே மற்ற இடங்களில் நேர்ந்த மிகையை நான் மன்னித்துவிடுவது வழக்கம்.

இசை இல்லாத இடங்களையும் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். சன்னலோரம் எரியும் மெழுகுவத்தி கண்ணாடியின் பனியை வட்டமாக உருக்கும் காட்சியில், உள்ளே லாராவும் அவளை மணக்கவிருக்கும் பாஷாவும் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. நாம் தெருவில் நிற்கிறோம். இடைவேளைக்குப் பிறகு இரண்டாம் பகுதி இருண்ட திரையில் ரயில் ஓசையோடு தொடங்குகிறது. சுரங்கப்பாதையின் மறுமுனை வெளிச்சம் சிறு புள்ளியாகத் தோன்றும்வரை ஓசை மட்டுமே. அதற்கு முன் ஒலிக்கும் இடையிசையின் இனிமையை அந்த இரும்புச் சத்தம் வந்து துடைத்துவிடும்.

நாவலைப் படித்துவிட்டுத்தான் இசையைக் கேட்க வேண்டுமா?

அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஆனால் நாவல் முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் கடைசியில் உள்ள கவிதைகளையாவது படித்துவிட்டுக் கேட்டால், இசை எதை ஏற்றுக்கொண்டது, எதைக் கைவிட்டது என்பது சட்டென்று விளங்கும்.

விருதுகள்?

படம் ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அவற்றுள் ஒன்று ஜாருக்கு. லீனின் ‘எ பேசேஜ் டு இந்தியா’வுக்காக 1984ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதிலும் வென்றார். அவர் பெற்ற மூன்று ஆஸ்கர்களும் லீனின் படங்களுக்கே.

எந்தப் பதிவைக் கேட்பது? எந்த வரிசையில்?

1966இன் மூல இசைத்தட்டு சுருக்கமானது. முதல் முறை கேட்பவர்களுக்கு அதுவே போதும். 1995இல் வெளிவந்த விரிவான பதிப்பு அதைவிட அதிகத் துண்டுகளைக் கொண்டது. ‘லாராவின் தீம்’ துண்டை முதலில் போடாதீர்கள். அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். முன்னிசையையும் தலைப்பிசையையும் கேட்டுவிட்டு, ‘புரட்சி’ என்ற துண்டுக்குப் போய், அடக்கக் காட்சியின் சேர்ந்திசையைக் கேட்டு, ‘டோன்யா வரிகினோ வந்து சேர்கிறாள்’ என்ற, யாரும் நினைவில் வைத்திராத துண்டையும் கேட்டுவிட்டு, அதன் பிறகு லாராவிடம் வாருங்கள்.

2002இல் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடருக்கு லுடோவிகோ எய்னாவ்டியும், 2006இன் ரஷ்யத் தொடருக்கு எடுவார்த் அர்த்தேமியெவும் இசையமைத்திருக்கிறார்கள். ஒரே நாவலை வேறு காதுகள் எப்படிக் கேட்டன என்று ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு அவை உதவும்.

படத்தின் கடைசிக் காட்சியில் எதைக் கவனிக்க வேண்டும்?

யூரியோடு ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரரான யெவ்கிராஃப், அணைக்கட்டில் வேலை செய்யும் தான்யாவிடம் அவளுடைய பெற்றோரைப் பற்றிச் சொல்லிப் பார்க்கிறார். அவள் முழுதாக நம்பாமலே கிளம்பிப் போகிறாள். போகும்போதுதான் அவளுடைய முதுகில் பாலலைக்கா தொங்குவதை அவர் பார்க்கிறார். வாசிப்பாளா என்று கேட்கிறார். நன்றாக வாசிப்பாள் என்கிறான் அவளுடன் வந்த இளைஞன். யார் கற்றுக்கொடுத்தது? யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அப்படியானால் அது பிறவியிலேயே வந்த வரம் என்கிறார். நாவலின் முடிவில் இரண்டு நண்பர்கள் யூரியின் எழுத்துகளைப் புரட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். படத்தில் அந்தப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கருவி இருக்கிறது. தான்யா அதைத் திரையில் ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை. அவள் நடந்து போக, அணையிலிருந்து நீர் பாய, மெட்டை வாசிப்பது ஆர்கெஸ்ட்ராதான்.